உரிமையாளர்: சம்பூக்

வங்கிக்கு நான்கு இயந்திரங்கள். பெயர் வைத்தவர்
முஹர்ரக் ஊர்க்காரர், முத்துக்குளித்த படகுகளின் பெயர்கள்:
பூம், சம்பூக், பத்தீல், ஜல்பூத்.
மனாமாவில், கடல் தெரியாத மூன்றாம் மாடியில்
பதினெட்டு டிகிரிக் குளிரில், ஸ்வெட்டரோடு
நான் அவற்றுக்கு அறை பிரித்துக் கொடுத்தேன்.

வேர் ஒன்றுதான். அதில் எதையும் வைக்காதே,
யாரையும் எழுத விடாதே.
வெறும் வாசல்கள், வாசல்களில் அம்புக்குறிகள்.
ஒரே பாதையைப் பூம் கேட்டால் பூமின் அறைக்குப் போகும்,
ஜல்பூத் கேட்டால் ஜல்பூத்தின் அறைக்கு.
குதைபியா ஃப்ளாட்டில் 'என் தட்டு' என்று
ஐந்து பெண்கள் ஒரே ஃப்ரிட்ஜைத் திறக்கிறோமே, அப்படி.
இங்கே மட்டும் யார் தயிரும் காணாமல் போவதில்லை.

வட்டு எல்லாருக்கும் பொது.
ஆனால் ஒவ்வொரு கோப்பகத்துக்கும் ஓர் உரிமையாளர்,
மற்றவர்கள் அவர் வழியாகத்தான் எழுத வேண்டும்.
"கஃபீல்" என்றான் முதஸ்ஸிர், கார்த்தூம்காரன்,
கரக் டீயை மேசைக்குக் கீழே ஒளித்தபடி.
"கஃபீல் செத்தால்?"
தானாக மாறுக என்று எழுதியிருந்தால்
இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.
"எழுதாவிட்டால்?"
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை இருபத்தேழு, இரவு ஒன்று ஐம்பது.
பத்தீல் விழுந்தது.
அதன் பொறுப்பில் இருந்தவற்றைப் பூமும் சம்பூக்கும்
ஏழு நொடியில் பங்கு போட்டுக்கொண்டன.
ஏடிஎம் முன்னால் நின்றவன் ஒரு கொட்டாவி விட்டிருப்பான்,
அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் வரவில்லை.
சம்பளக் கோப்பு. சல்மாபாத் முகாம்கள்,
பதினோராயிரத்துச் சொச்சம் பேர், விடிவதற்குள் போக வேண்டியது.
அம்புக்குறி இருந்தது.
அது காட்டிய இடத்தில் அறை இல்லை.

மார்ச்சில் ஒரு மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று
அதைப் பொதுவில் ஏற்றாமல்
பத்தீலின் சொந்தக் கிளையில் கட்டியது நான்தான்.
'பிறகு மாற்று' என்று எனக்கே எழுதிய குறிப்பும்
பத்தீலுக்குள்தான் கிடந்தது,
இப்போது திறக்க முடியாமல்.

முதஸ்ஸிர் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்,
நான் தட்டத் தட்ட எழுத்தெழுத்தாய் வாசித்தான்.
இரண்டு முறை மறுத்தது திரை.
"நூன் இல்லை" என்றான், "மீம்."
கை நடுங்கினால் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்து விசை.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு ஏறியது.
உரிமையாளர்: சம்பூக்.
தானாக மாறுக: ஆம்.

இரட்டைக் கண்ணாடியைத் தாண்டிப் பாங்கு வராது;
முதஸ்ஸிரின் கைப்பேசிதான் சொன்னது.
அவன் எழுந்து போனான்.
நான் படிவத்தை நிரப்பினேன். மூல காரணம்:
வன்பொருள், மென்பொருள், மின்சாரம், பிற.
'பிற' என்று தொட்டேன். விளக்கு என்றது.
மார்ச், பஸ், என் பெயர் என்று எழுதினேன்.
எழுத்து எல்லை தாண்டிவிட்டதென்று
பெயரோடு வெட்டிக்கொண்டது.

ஐந்தரைக்கு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி
ஈரத்தில் உடனே வெளுத்தது. துடைத்துப் போட்டேன்.
சிக்னலில் முகாம் பேருந்து, ஏசி இல்லாதது.
ஜன்னலோரம் ஒருவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான்,
பையில் போட்டான், கண்ணை மூடிக்கொண்டான்.
சம்பளத்தைப் பார்த்தானா, மணியையா,
தெரியவில்லை. பச்சை விழுந்தது.