ஐந்தரைக்கு முன்

ஷரத்து பதினொன்று, உட்பிரிவு ஆ:
‘இரு தரப்பாரின் கணினி முறைகளும்
ஒன்றோடொன்று இயைந்து இயங்கும்.’
இயங்கும் என்று முடித்தவர்
இயங்காவிட்டால் என்று தொடங்கவே இல்லை.
கீழே சாட்சி இரண்டு: சங்கத்து ஆபரேட்டர்,
அதாவது நான்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பால் சங்கம்.
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
பொள்ளாச்சி ரோட்டில் கம்பெனி.
இந்தப் பக்கம் பெயர்ப்பலகை மலையாளம்,
அதன் நிழலில் நின்று பேசுவது தமிழ்.
பாலுக்கு அதெல்லாம் கணக்கில்லை.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று என்றால்
இரண்டு பக்கமும் நாலு புள்ளி ஒன்றுதான்.

கணினிகளை இணைத்த அன்று சூடம் காட்டினோம்.
சோதனைக்கு ஒரு லிட்டர் ஊற்றிப் பார்த்தோம்,
பதினொன்றரை மணிக்கு.
பகலில் எல்லாம் பொருந்தும்.

எட்டு மாதம் குறையில்லை.
ஏப்ரல் ஒன்றாம் தேதி லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடியது.
அன்று ஜெசிந்தா ஊற்றியது எட்டு லிட்டர்,
ஐந்து பன்னிரண்டுக்கு.
சாவகாசமாக, கொட்டாவி விட்டபடி வந்த
மாராத்தாள் ஊற்றியதும் எட்டு லிட்டர்,
ஐந்து முப்பத்தைந்துக்கு.
மாராத்தாளுக்குப் புது விலை.
ஜெசிந்தாவுக்குப் பழையது.

பட்டுவாடா நாளில்
இரண்டு சீட்டையும் மேசையில் வைத்துக் கேட்டாள்:
‘நான் ஊத்துனது அன்னைக்கா,
அதுக்கு முந்துன நாளா?’

கம்பெனியிலிருந்து கீர்த்திவாசன் பைக்கில் வந்தான்.
செக்போஸ்ட் பேக்கரியில் லேப்டாப்பை விரித்தான்.
‘அக்கா, எங்க சர்வருக்கு உலக நேரம்.
அங்க நடுராத்திரி ஆகறப்ப இங்க அஞ்சரை.
அதுக்கு முந்தி வர்ற பாலு
முந்துன தேதியில விழுந்துரும்.’
கொஞ்சம் வெட்கப்பட்டான்.
விசைப்பலகையில் பப்ஸ் உதிர்ந்தது.

எங்கள் கோழி கூவி, காக்கை கரைந்து,
கோயிலில் முதல் மணியும் அடித்த பிறகு
கடலுக்கப்பால் ஒரு கடிகாரம்
சம்மதித்தால்தான் எங்களுக்குத் தேதி.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன்.
பால் என்றால் என்ன என்று இருக்கிறது.
கேன், கருவி, கலப்படம், தெய்வச் செயல்,
எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது.
நாள் என்றால் என்ன என்று இல்லை.
பத்துப் பொருத்தமும் பார்த்தவர்கள்
மாப்பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று
கேட்காமல் விட்டுவிட்டோம்.

‘அஞ்சரைக்கு மேல ஊத்தச் சொல்லுங்களேன்.’
ஜெசிந்தாவுக்கு ஐந்து ஐம்பதுக்கு மில் வண்டி.
மாட்டிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.
சொன்னேன். குறித்துக்கொண்டான்.
என்ன குறித்தான் என்று தெரியவில்லை.

டீ ஆறுவதற்குள் திருத்தம் ஒரு வரி எழுதினோம்:
‘நாள் என்பது பால் ஊற்றப்படும் இடத்தின் நாள்.’
எழுதிவிட்டு இரண்டு பேரும் சத்தமாக வாசித்தோம்.
எனக்குப் பிடித்திருந்தது.
தலைமை அலுவலகத்து வக்கீல் திருப்பி அனுப்பியிருக்கிறார்:
‘இடம்’ என்பதற்கு விளக்கம் தேவை.

அதுவரை ஜெசிந்தாவின் பதினாறு ரூபாய்
அனாமத்துக் கணக்கில் கிடக்கிறது,
சுலைகாவின் பன்னிரண்டோடு,
வேலாத்தாளின் இருபத்திரண்டோடு.

வரிசை இப்போது இரண்டாகிவிட்டது.
முன்னால் நிற்பவர்களுக்கு
நேத்துக்காரிகள் என்று பேர் வைத்தாயிற்று.
இருட்டில் கேன் மூடி திறக்கும் சத்தம்.
ஜெசிந்தா திரையை எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்:
‘அந்தப் பக்கத்து மெஷினு முழிச்சுருச்சா?’
‘இன்னும் இல்லீங்கக்கா. ஊத்துங்க.’
ஊற்றுகிறாள்.
சூடு ஆறாத நுரை
அளவுக்கோட்டைத் தாண்டி ஏறி
மெல்லக் கீழே இறங்குகிறது.