பதினோராயிரத்து நானூற்றாறு

கடைசி வேலை
கழிவுத் தொட்டியைக் காலி செய்வது.
ஊருக்கு ஒன்பது மைல் இருக்கும்போதே
பெட்ரோல் பங்கின் பின்புறம் நிறுத்தி
பழுப்பேறிய குழாயை மாட்டினேன்.
ஆறு மாதம் இருவர் உண்டதெல்லாம்
சலசலவென்று இறங்கிப் போயிற்று.
யாரும் படம் எடுத்து வைக்காத பயணம் அது.

மார்லிஸ் உள்ளே
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய நாடாவை
உரித்துக்கொண்டிருந்தாள்.
அர்க்கன்சாவில் ஒரு வளைவில் கதவு திறந்து
பன்னிரண்டு முட்டையும் தரைக்கு வந்த
நாளிலிருந்து இருக்கும் நாடா.

வீட்டு முன் திருப்பி நிறுத்தியபோது
கிளம்புகையில் சுழியம் வைத்த மீட்டர்
பதினோராயிரத்து நானூற்றாறு என்றது.
தபால் பெட்டி சாய்ந்திருந்தது,
பனி வாரும் லாரி இடித்திருக்கும்.
ஏப்ரல் பாதி போயும்
வடக்கு ஓரத்தில் அழுக்குப் பனி
ஒரு நாயளவுக்குப் படுத்திருந்தது.

லேலண்ட் டோர்விக்
கையுறையைக் கழற்றாமலே கை கொடுத்தார்.
குளிர்காலம் முழுக்க எங்கள் தண்ணீர்க் குழாய்
உறையாமல் பார்த்துக்கொண்ட மனிதர்.
"எது ரொம்பப் பிடிச்சுது?"
கிராண்ட் கேன்யன், என்றேன்.
அவர் கேட்க விரும்பிய பதில் அதுதான்.

உண்மையில் அன்று எனக்குப் பல்வலி.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியில் கிடந்தேன்.
மார்லிஸ் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து
"பெரிசு" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
அந்த ஒரு சொல்லின் விளிம்பில்
நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

மற்றபடி ஞாபகம் இருப்பது
டெமிங்கில் ஒரு சலவைக் கடை.
உலர்த்தும் மிஷின் பாதியில் செத்துப்போக,
எஃப்ரெய்ன் என்ற மிளகாய் வியாபாரி
தன் டிரக்கின் கம்பிகளில்
எங்கள் ஈரத் துணியைக் காயப்போட இடம் தந்தார்.
அவருக்கு ஆங்கிலம் அரைகுறை,
எனக்கு ஸ்பானிஷ் அறவே கிடையாது.
மூவரும் ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.
என் கட்டம்போட்ட அரைக்கால் சட்டை
நியூ மெக்சிகோ முழுதும் தெரியப் பறந்தது.

அப்புறம் யூட்டா.
ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு
அறுபது மைல் பேசாமல் வந்தோம்.
இருபத்துநான்கு அடி வீட்டில்
கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க அறை ஏது?
எங்கள் நடுவில்
கோபமும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.
கடைசியில் அவள் ஒரு உப்பு பிஸ்கட்டை நீட்டினாள்.
ஓரம் உடைந்திருந்தது.
வாங்கிக்கொண்டேன்.

இதுதான் கடைசி என்று
கிளம்பும்போதே பேசி முடித்திருந்தோம்.
என் இடது கண்ணில் மங்கல் கூடிவருகிறது,
எதிர்வரும் விளக்குகளுக்கு முடி முளைக்கிறது.
'விற்பனைக்கு' என்று சிவப்பில் எழுதிய அட்டையை
ஃபார்கோவில் அப்போதே வாங்கியாயிற்று.
ஆறு மாதமாக
மேப்புகளுக்கு அடியில் படுத்தபடி
அதுவும் எங்களோடு ஊர் சுற்றியது.

வீட்டுக்குள்
குளிர்ந்த இரும்பின் வாசனை.
நான்கு படுக்கையறை, இரண்டு மாடிப்படி.
சமையலறையில் மார்லிஸ்
உப்புக்காகத் திரும்பாமல் கை நீட்டினாள்,
கை காற்றில் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்:
"எங்கே இருக்கே?"

ஆறு மாதத்தில் அவள்
அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.
கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரவு ஒன்றரை மணிக்கு
ஆடாத கட்டிலில் இருவரும் விழித்துக் கிடந்தோம்.
யார் முதலில் எழுந்தது என்பதில்
இன்னமும் தகராறு.
இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
தலையணையோடு புல்வெளியைக் கடந்தோம்,
ஓடிப்போகிற ஜோடி மாதிரி,
முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.
டோர்விக் வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது.
பார்த்திருப்பார். அணைத்துவிட்டார்.

வண்டிக்குள் அவள் முழங்கை
வழக்கம்போல் என் விலாவில் இடித்தது.
தூங்கிவிட்டேன்.

காலையில் அட்டையைத் தேடி எடுத்தேன்,
கண்ணாடியில் வைக்க நல்ல இடமும் பார்த்தேன்.
திரும்பினால்,
ஃப்ரிட்ஜ் கதவில் புது நாடா ஒட்டியிருந்தாள் மார்லிஸ்,
ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்தி.

உள்ளே
ஒரு பழைய கடுகு சாஸ் புட்டியைத் தவிர
ஒன்றும் இல்லை.