இருப்புக் கணக்கு

ஹாலிஃபாக்ஸ், ஆலைச் சந்து, எண் பதினொன்று.
பள்ளிகளுக்கு அணு செய்து விற்பவர்கள் நாங்கள்.
கடைவது என் கணவன் ஆம்ப்ரோஸ் ஓல்ட்ராய்ட்,
கணக்கெழுதுவது நான், ஹெஸ்டர்.

தொடக்கத்தில் எளிய தொழில்.
மேப்பிள் மரத்தில் உருண்டைகள்,
கரிக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு,
டஜன் மூன்று ஷில்லிங்.
'பிளக்க முடியாதது' என்று
விலைப்பட்டியலில் அச்சிட்டிருந்தோம்.
பழுதானவை அடுப்புக்குப் போயின.
கோடரிக்கு அழகாகவே பிளந்தன.

பிறகு மணி பதித்த உருண்டை கேட்டார்கள்,
கிறிஸ்துமஸ் புட்டிங்கில் திராட்சை மாதிரி.
அவன் துளையிட்டான்,
நான் பசை தொட்டுக் கண்ணாடி மணிகளைச் செருகினேன்.
இருநூறு செய்தோம். அறுபது விற்றன.

மான்செஸ்டரில் ஓர் இருட்டறையில்
பொன் தகட்டின் மேல் எதையோ எய்தார்களாம்.
எண்ணாயிரத்தில் ஒன்று
எய்த பக்கமே திரும்பி வந்ததாம்.
அந்த ஒன்றால்
எங்கள் நூற்று நாற்பதும் தேங்கின.

அடுத்து, பித்தளை வளையங்கள், நடுவில் ஈயக்குண்டு.
அளவு பிசகாமல் செய்வதென்றால்
குண்டு கடுகளவு இருக்க,
வளையம் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு
கால்வாய்க்கரை வரை போகும் என்றான்.
மிச்சமெல்லாம்? வெறுமை.
வெறுமைக்கு என்ன விலை போட?
கூலியைப் போடு என்றான், சிரிக்காமல்.

பதினாறாம் ஆண்டு பித்தளை கிடைக்கவில்லை,
எல்லாம் பீரங்கிக் குண்டுகளின் உறைக்குப் போயிற்று.
பட்டறைப் பையன் கிளெம்மும் போனான்.
அவன் மேலங்கி ஆணியிலேயே தொங்குகிறது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் லீட்ஸிலிருந்து மிஸ் தாக்ரே எழுதினாள்:
'வளையங்கள் தவறு.
எலெக்ட்ரான் இங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது,
இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம்.
மேகம் போல ஏதும் செய்து தர இயலுமா?'

ஆம்ப்ரோஸ் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.
கடைசல் பொறியைப் பார்த்தான்.
ஆலையிலிருந்து கம்பளி வாங்கிச் சீவி,
கம்பியில் சுற்றி மேசையில் வைத்தான்.
ஆடு மாதிரி இருந்தது.
இருபது வருஷத்தில் முதன்முறையாக
இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திங்களன்று பிராட்ஃபோர்டிலிருந்து ஆர்டர்:
வளையம் இரண்டு டஜன்.
தவறென்று அவர்களுக்கும் தெரியுமாம்,
கரும்பலகையில் வரைய எளிதாம்.
வைக்கோல் சுற்றி அனுப்பிவிட்டேன்.

இன்று ஆண்டுக் கடைசி. இருப்பு எடுக்கிறேன்.
உருண்டை, எழுபத்திரண்டு.
மணி பதித்தது, நூற்று நாற்பது.
வளையம், பதினான்கு.
மேகம், ஒன்று.
இந்த வரியை மட்டும்
பென்சிலில் எழுதினேன்.