ஐந்துக்கு எத்தனை

ரெய்க்யவிக்கிலிருந்து ஒரு முக்கோணத்தோடு போயிருந்தேன்.
அடியில் பசி, நடுவில் மரியாதை,
உச்சியில் தன்னிறைவு.
மீன் ஆலையின் உணவறைச் சுவரில் வெளிச்சமாய் விழுந்தது அது.
ரப்பர் பூட்ஸுகள் அசையாமல் பார்த்தன.

தோர்கட்லாவின் தாளில் எல்லாவற்றுக்கும் மூன்று.
சம்பளம் மூன்று. மேலாளர் மூன்று.
'வேலையில் அர்த்தம் உணர்கிறீர்களா?'
அந்தக் கட்டத்தில் மட்டும்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.

ஏன் என்றேன்.
கூட்டிப்போனாள்.

கண்ணாடி மேசை, அதன் அடியில் விளக்கு.
காட் மீனின் துண்டு அதன்மேல் வெள்ளையாய் ஒளிர்ந்தது.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
அவள் கத்திமுனை
மயிரிழைப் புழுவொன்றைச் சுருட்டி எடுத்தது.
இன்னொன்று.
அதற்கடியில் இன்னொன்று.

"லிஸ்பனில் யாரோ சாப்பிடுவார்கள்.
புழு இருந்ததே தெரியாது அவர்களுக்கு.
அதுதான்."

எதுதான்?
கேட்பதற்குள் பெல்ட் அடுத்ததைக் கொண்டுவந்துவிட்டது.

பிறகு, தலை நிமிராமலே:
"முக்காலி கேட்டு மூன்று வருஷம். இடுப்பு போச்சு.
உன் முக்கோணத்தில் அதை எங்கே உட்காரவைப்பாய்?"

திரும்பும் பஸ்ஸில் அறிக்கை எழுதினேன்.
திருப்தி: சராசரி மூன்று.
முதல் பரிந்துரை: ஒரு முக்காலி.
சிறுபிள்ளைத்தனமாய்ப் பட்டது, அழித்தேன்.
சுரங்கப்பாதை தாண்டியதும் மறுபடி எழுதினேன்.

உயரம் எவ்வளவென்று
கேட்க மறந்திருந்தேன்.