டேங்க் கணக்கு

ஒரு டேங்க் பதினாறு லிட்டர்.
டேங்குக்கு அறுபது ரூபாய்.
ஏக்கருக்குப் பத்து டேங்க் என்பது
என் முதுகுக்கு மனப்பாடம்.
கிணத்துக்கடவைச் சுற்றி எந்தத் தக்காளிக் காட்டுக்கும்
பாத்தியை எண்ணாமலே கூலி சொல்வேன்.

மருந்தடிக்கிற மாகாளி என்றுதான் பேர்.
அதை மருந்து என்றே சொல்லிச் சொல்லி
காய்ச்சலுக்கு வாங்குவதை
நாங்கள் மாத்திரை என்று மட்டும் சொல்கிறோம்.

அடித்த அன்று ராத்திரி
சோற்றுக்கு ருசி இருக்காது.
துளசிமணி என் சட்டையைக் குச்சியால் எடுத்து
தனி வாளியில் போடுவாள்.
பக்கத்தில் போனால் பையன்
"குளிச்சாச்சா?" என்பான், பெரிய மனுசனாட்டம்.

இந்த ஆனியில்
வாளையாறு தாண்டிப் போன ரெண்டு லோடு
பரிசோதனையில் நின்று
அழுகித் திரும்பி வந்தது.
தோட்டத்து அம்மிணி தெய்வாத்தாள்
ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.
எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு
கையில் ஒரு ஸ்டேப்ளரைக் கொடுத்தார்கள்.

அட்டை.
உப்புத்தாள் போலச் சொரசொரப்பு.
உள்ளங்கை அகலத்தில்
இருபதாயிரம் முட்டை என்றார்கள்.
முட்டைக்குள் குளவி.
கொட்டுகிற சாதி இல்லை, கண்ணுக்கே சரியாகத் தெரியாதது.
காய்ப்புழுவின் தாய் இட்டுவைத்த முட்டையைத் தேடிப்போய்
அதற்குள் தன் முட்டையை வைத்துவிடுமாம்.
புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும்.
அடப்பாவி என்றேன்.
அம்மிணி அன்றைக்குத்தான் சிரித்தார்கள்.

வெடியால, வெயில் ஏறும் முன்னே,
துண்டு துண்டாக வெட்டி
இலைக்கு அடியில் ஒன்று,
நாலு பாத்தி தள்ளி ஒன்று.
க்ளிக். க்ளிக்.
ரெண்டு ஏக்கர் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தது.
முதுகில் எதுவும் இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
அது கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தது.

இருபது டேங்க், ஆயிரத்து இருநூறு.
முக்கால் மணி நேரத்துக்கு எவ்வளவு?
அட்டை கொடுத்த ஆபீசர் சொல்லவில்லை.
அட்டையின் பின்பக்கமும் வெறுமையாக இருந்தது.
அம்மிணி இருநூறு கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் சாயங்காலம் போனேன், கூலிக்கில்லை.
ஒரு துண்டை எறும்பு பாதி வழித்துத் தின்றிருந்தது.
மிச்சத்தை வேறு செடிக்கு மாற்றி
செடி கட்டிய குச்சியில் கிரீஸ் தடவினேன்.
ஒறம்பரை வருகிற நாளில்
வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்போமே, அப்படி.
கறுத்த முட்டையில் ஊசிமுனை ஓட்டை ஏதாவது
விழுந்திருக்கிறதா என்று
செல்போன் லைட்டில் தேடினேன்.
விழவில்லை. நாளைக்கு என்றார்கள்.

நாளை, அதாவது இன்றைக்கு.
மேற்கு வேலிக்கு இந்தப் பக்கம்
சென்னியப்பன் காடு. பன்னிரண்டு டேங்க்.
எழுநூற்று இருபது.
பையனுக்குப் பள்ளிக்கூட பீஸ்
போன வாரமே கட்டியிருக்க வேண்டியது.
கலக்கியாகிவிட்டது.
டேங்க் முதுகில் ஏறியதும்
பழைய வலி பழைய இடத்தில்
வந்துட்டியா என்றது.

ஆடிக் காற்று
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து
நேராகக் கிழக்கே போகிறது.
இங்கே நான் நாஸிலைத் திறந்தால்
அங்கே போய் விழும்.

"காத்து கொஞ்சம் அடங்கட்டுங்க" என்றேன்.
"மருந்தடிக்கறவனுக்கு எப்படா
காத்தைப் பத்திக் கவலை வந்துச்சு?"

கேட்டது சரிதான்.
இருபது வருசமாக அது
என் மூஞ்சியில்தான் அடித்தது.
நிறுத்து என்று யாரும் சொன்னதில்லை.
நானும் சொன்னதில்லை.

வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
டேங்கை இறக்கவில்லை.
தூரத்தில் நாலைந்து காற்றாலை,
எந்த றெக்கையும் நிற்கிற மாதிரி இல்லை.
மணி எட்டே கால்.
வேலிக்கு அந்தப் பக்கம்
இந்நேரம் முதல் ஓட்டை விழுந்திருக்கும்.