தணிக்கையாளருக்கு ஒரு விளக்கம்

திருமதி கூசிக் அவர்களே,
நாற்பத்தோராம் வரியில்
பென்சிலால் நீங்கள் போட்ட கேள்விக்குறியைப் பார்த்தேன்.
இரண்டாம் அரங்கு, கூடுதலாக ஒரு மணி நேரம்,
அறுபத்து நான்கு யூரோ.
எதற்கு?

நாங்கள் எதையும் விற்பதில்லை.
ஆண்டுக்கொருமுறை ஏதோ ஓர் ஊரில்
நிரல் எழுதுகிறவர்களையும்
நிரல் என்றால் என்னவென்று எழுதுகிறவர்களையும்
ஒரே காப்பி வரிசையில் நிறுத்துகிறோம்.
அவ்வளவுதான் சங்கம்.
மிஞ்சினால் யாருக்கும் பங்கில்லை.
மிஞ்சுவதும் இல்லை.

இந்த மார்ச்சில் தார்த்து.
எமயோகி ஆற்றில் பனி பாளம் பாளமாக நகர்ந்தது.
சன்னலோர இருக்கைக்காரர்கள்
யார் பேசியதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டென்மார்க்கின் சிக்னே நான்கரைக்கு மேடையேறினாள்.
அவள் ஆக்கிய மொழியில் எழுதினால்
இருவர் எதிரெதிரே நின்று
நீ முதலில், இல்லை நீ முதலில் என்று
உறைந்து போகவே முடியாதாம்.
நிறுவல் பதினோரு பக்கம்.
கைதட்டினோம்.
நான் மூன்றாம் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டவள்,
நானும் தட்டினேன்.

பின்வரிசையில் கல்யோ எழுந்தார்.
வோருவில் ஒரு பால் பண்ணைக்கு
லாரிகளின் முறையை நிரலாக்குகிறவர்.
அவர் கட்டணத்தில் பாதியைக் குறைத்தோம்,
அது பத்தொன்பதாம் வரி,
அதை நீங்கள் கேட்கவில்லை, நன்றி.

"எங்களிடம் கழுவும் குழாய் ஒன்று, லாரி மூன்று.
காத்திருக்கும் ஓட்டுநர் ஒருத்தர்
சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்,
குழாயின் சாவி அவர் சட்டைப்பையில்.
அப்போது?"

சிக்னே சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
பலகைப் பக்கம் திரும்பியவள்
அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு மணிக்குக் காவலர் வெல்லோ
சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.
உள்ளே பதினேழு பேர்,
தரையில் உட்கார்ந்திருந்தார் ஒரு பேராசிரியர்,
சுண்ணக்கட்டி தீர்ந்து
யாரோ சன்னல் ஆவியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
நான் வெளியே போய்க் கையெழுத்துப் போட்டேன்.
அதுதான் உங்கள் நாற்பத்தொன்று.
வெல்லோ கூடுதல் கூலி கேட்கவில்லை,
மிஞ்சிய ஏலக்காய் பன்னில் நான்கை எடுத்துக்கொண்டார்.
அதை எந்த வரியில் எழுதுவது?
எழுதவில்லை.

ஏழு மணிக்கு நிறுவல் உடைந்திருந்தது.
ஒட்டவும் இல்லை.
காத்திருப்பவர் காத்திருப்பார் என்று
நான்காம் துணைத்தேற்றம்
வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருந்ததாம்.
சிக்னே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள்.
மறுநாள் காலை உணவில்
அவளும் கல்யோவும் வெண்ணெய்க் கத்தியை லாரியாக்கி
மேசை முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, பன்னிரண்டாம் வரி.
பிஷ்கேக் மாணவி நுர்சாத்துக்குப் பயண உதவி
எழுநூற்றிருபது, செலவாகவில்லை.
விசா வரவில்லை.
இல்லை என்ற பதிலும் வரவில்லை.
அவள் சுவரொட்டிக்கு ஒதுக்கிய பலகையில்
நான்கு குண்டூசி மட்டும் இருந்தன.
அதன் முன்னாலும் சிலர் நின்று
காப்பி குடித்தார்கள்.
அவள் பெயர் அட்டை என் மேசை இழுப்பறையில்,
கயிறோடு.

அந்தத் தொகையைப் பொதுக்கணக்கில் சேர்க்கச் சொல்கிறீர்கள்.
விதி அப்படித்தான்.
அடுத்த மார்ச் வரை
அதே வரியில், அதே பெயரில்
விட்டுவைக்க அனுமதி கேட்கிறேன்.

நாற்பத்தொன்றுக்கு வருகிறேன்.
உங்கள் படிவத்தில் விருந்து இருக்கிறது,
பழுதுபார்ப்பு இருக்கிறது,
இரண்டும் இது இல்லை.
பழுதைக் கண்டோம், பார்க்கவில்லை.
"இதர" என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அசல் ரசீதை இணைத்திருக்கிறேன்.
பின்பக்கத்தில் மூன்று லாரி, ஒரு குழாய்,
வீட்டுக்கு நடந்துபோகும் ஓர் ஆள்.
என் கைவேலை அல்ல.
பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் நல்லது,
சிக்னே கேட்டிருக்கிறாள்.

விர்வே,
பொருளாளர்
(சம்பளமில்லை)