அறுபது பாகை

ரௌமா துறைமுகத்தில், லாரிகள் நிற்கும் திடல்.
நாளை மதியம் பொருட்காட்சி திறக்கிறது.
வைகிங் கப்பலின் டிராகன் தலைமேல்
விடியலிலிருந்து ஒரு கடற்காகம்
டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் அரசாங்கத்து ஆள். கையில்
ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கோணமானி,
என் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு தாள்.

கப்பல் தொங்கும் கையின் நீளம் பன்னிரண்டு மீட்டர்.
பள்ளிக்கூடச் சூத்திரம் ஏழு நொடி என்கிறது.
கப்பலோ போய்த் திரும்ப ஏழரை எடுத்துக்கொள்கிறது.
டார்மோ ஸால்மினென் முகம் வெளிறிவிட்டது.
"பேரிங் போயிடுச்சா?"
இல்லை. சின்ன ஆட்டத்துக்கு எழுதிய சூத்திரம் அது.
அறுபது பாகை ஏறிப் பார்த்தவர்கள்
திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகும்.

அடுத்தது மணல் மூட்டை.
நாற்பது இருக்கைக்கு நாற்பது.
ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து பெல்ட் மாட்டினோம்.
அழாத, வாந்தி எடுக்காத பயணிகள்.
மறுபடியும் ஏழரை.
"இவ்வளவு பாரம் ஏத்தியுமா?"
ஊசல் எடை பார்ப்பதில்லை, டார்மோ.
நீளம் பார்க்கும், எவ்வளவு தூரம் ஏறினாய் என்று பார்க்கும்,
அவ்வளவுதான்.

ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:
பத்தொன்பது கோடைகள் லீவரைப் பிடித்திருக்கிறார்,
ஒருமுறைகூட ஏறியதில்லை.
செப்டம்பரில் கப்பல் லாட்வியாக்காரர் கைக்குப் போகிறது.
வங்கியிலிருந்து மூன்று கடிதம்.
மூன்றாவதைப் பிரிக்கவில்லை.

விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.
நடு வரிசையில் ஒரு மூட்டையை இறக்கினேன்.
லீவரை நான் பிடித்தேன்.

அடியில், வேகம் முற்றும் இடத்தில்,
நூற்றுப்பத்து கிலோ மனிதர்
இருநூற்று இருபது ஆகிறார்.
கன்னம் தாடைக்கு வழிகிறது.
உச்சியில், போவதா வருவதா என்று
கப்பல் யோசிக்கும் அந்த இமைப்பில்
ஐம்பத்தைந்து.
பதினாறு வயதில் அந்த எடை இருந்திருப்பார்.

கூச்சலில்லை. முப்பத்தொன்பது மூட்டைகளோடு
இன்னொன்றாகப் போய் வந்துகொண்டிருந்தார்.
பிரேக் பிடித்தபின் ஆட்டம் குறுகிக் குறுகி,
கடைசியில் சுவர்க்கடிகாரம் அளவுக்கு அசைந்து
நின்றது.

தடுப்புக் கம்பியை விடாமல் கேட்டார்:
"மேல போனப்போ பாதியாயிட்டேன், இல்ல?"
பாதிதான்.
"எவ்வளவு நேரம்?"

கணக்கு இருக்கிறது. சொல்லவில்லை.
தாளில், சோதனைச் சுமை என்ற கட்டத்தில்
நாற்பது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இறக்கிய மூட்டை தரையிலேயே கிடந்தது.
இருபத்தைந்து கிலோ.
கொஞ்சமும் கூடாமல், குறையாமல்.